ஒரு ஆள் திருந்தினால் சபை எழும்புமா?

பிப்ரவரி 9, வாசகர் கேள்வி

அக்கா, எங்கள் சபையில் இந்த வருடமும் எழுப்புதல் கூட்டம், சோர்ந்த விசுவாசத்தைத் தட்டி எழுப்புகிற கூட்டம், மூன்று இரவு நடந்தது. கூடாரம் போட்டு, ஈப்போவிலிருந்து சவுண்ட் சிஸ்டம் எடுத்து, தமிழ்நாட்டிலிருந்து ஊழியரை வரவழைத்து எல்லாம் தடபுடல். கடைசி இரவு பாதிப் பேர் முன்னுக்குப் போய் அழுதார்கள், நானும் போனேன். "நீ எழும்பினால் உன் சபை எழும்பும்" என்று ஊழியர் தலையில் கை வைத்துச் சொன்னார். அன்றிலிருந்து விடியற்காலை எழுந்து ஜெபிக்கிறேன், வேதம் வாசிக்கிறேன், சிகரெட்டை விட்டேன், நாலு நம்பர் லாட்டரி எடுப்பதை விட்டேன். எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. சபை மட்டும் பழைய சபை. அதே இருபது பேர், அதே சண்டை, அதே "அடுத்த வாரம் பார்ப்போம்". தனி ஆள் புதுப்பிக்கப்பட்டால் சபை உயிர் பெறும் என்பது மேடைக்கு நன்றாக இருக்கும், நடப்பில் கிடையாது. இதுதான் என் முடிவு. மறுக்க முடிந்தால் மறுங்கள்.

பிப்ரவரி 9, இரவு

தம்பி, பாதியை ஒத்துக்கொள்கிறேன். நானும் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்தான், அந்தக் கூடாரத்துச் சத்தம் எங்கள் தாமான் (வீடமைப்பு) வரைக்கும் கேட்டது. கூட்டம் முடிந்த மறுநாள் எப்படி இருக்கும் என்றும் தெரியும். நாற்காலி எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், கூடாரக்காரருக்கு மீதிப் பணம் தர வேண்டும், காணிக்கையை யார் எண்ணியது என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பும்.

ஒன்று கேட்கிறேன். நீ சிகரெட் விட்டது உன் அம்மாவுக்குத் தெரியும். சபையில் இருக்கிற வேறு யாருக்காவது உன்னால் ஏதாவது மாறியிருக்கிறதா? விடியற்காலை ஜெபம் உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் நடக்கிறது, நல்லது. அந்த அறையை விட்டு அது எந்த வாசல் வழியாக வெளியே வரும்? எனக்கு அங்கேதான் சந்தேகம். நாளைக்கு எழுதுகிறேன், தோசைக்கு மாவு அரைக்க வேண்டும்.

பிப்ரவரி 10

வேல்ஸ் கதையைச் சொல்லாத எழுப்புதல் ஊழியர் கிடையாது. 1904-இல் இவான் ராபர்ட்ஸ் என்ற 26 வயது வாலிபர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், ஊழியத்துக்குப் படித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து தன் ஊரான லோகருக்குத் திரும்பி வந்து, மோரியா ஆலயத்தில் சில வாலிபர்களை உட்கார வைத்துப் பேசினார். சில மாதத்துக்குள் வேல்ஸ் முழுக்கப் பற்றிக்கொண்டது, ஒரு லட்சம் பேர் மனந்திரும்பினார்கள் என்று சொல்வார்கள். மேடையில் கதை இங்கேயே முடிந்துவிடும். "பார்த்தீர்களா, ஒரே ஒரு வாலிபன்!"

அந்த வாலிபன் உட்கார்ந்திருந்தவர்களிடம் என்ன கேட்டார் என்பதை யாரும் சொல்வதில்லை. நாலு காரியம் கேட்டார். தெரிந்த பாவம் எதுவும் அறிக்கையிடாமல் இருக்கக் கூடாது, யாருக்காவது தீங்கு செய்திருந்தால் போய்ச் சரிக்கட்ட வேண்டும். சந்தேகமான பழக்கம் எது இருந்தாலும் விட வேண்டும். ஆவியானவர் உணர்த்தினால் உடனே கீழ்ப்படிய வேண்டும். கிறிஸ்துவை வெளியரங்கமாக அறிக்கையிட வேண்டும். நீ இரண்டாவதை நன்றாகவே செய்துவிட்டாய், சிகரெட்டும் நம்பரும் போயிற்று. முதலாவதில் பாதி இன்னும் பாக்கி இருக்குமோ என்று தோன்றுகிறது.

சுரங்கத்தில் வண்டி இழுத்த குட்டைக் குதிரைகளுக்கு ஆட்கள் சொல்வது புரியாமல் போய்விட்டதாம், கெட்ட வார்த்தை இல்லாமல் அதுவரை யாரும் அவற்றை ஓட்டினதில்லை. எவ்வளவு உண்மையோ, ஆனால் எனக்குப் பிடித்த கதை. எங்கள் தோட்டத்து மண்டோர்கள், வேலை வாங்குகிற கங்காணிகள், ஒருநாள் திட்டாமல் இருந்திருந்தால் மாடுகளும் குழம்பித்தான் போயிருக்கும்.

பிப்ரவரி 10, மறுபடியும்

கொரியாவை விட்டுவிட்டேன். 1907 ஜனவரியில் பியோங்யாங் நகரத்து ஜாங்டேஹ்யுன் சபையில் நடந்தது இன்னும் பொருத்தம். கில் சொன்-ஜு அந்தச் சபையின் மூப்பர், எல்லாரும் மதிக்கிற ஆள். அவர் எழுந்து நின்று, செத்துப்போன நண்பன் தன் குடும்பச் சொத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான், அதில் ஒரு தொகையை நான் எடுத்துக்கொண்டேன், அந்த விதவைக்குத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்றார். அதற்குப் பிறகு கூட்டத்தை யாராலும் அடக்க முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக எழுந்து தாங்கள் செய்ததைச் சொன்னார்கள், வெளியே போய்த் திருடியதைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அதற்கும் நாலு வருடம் முந்தி, 1903-இல் வொன்சானில், ராபர்ட் ஹார்டி என்ற கனடா மிஷனரி மருத்துவர் கொரியர்களுக்கு முன்னால் நின்று, என் பெருமையும் அவிசுவாசமும்தான் என் ஊழியம் காய்ந்துபோகக் காரணம் என்று சொல்லியிருந்தார். வெள்ளைக்கார துரை உள்ளூர் ஆட்கள் முன்னால் அப்படிப் பேசுவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இவர்கள் இரண்டு பேரும் தனியாக ஜெபித்ததால் சபை அசையவில்லை என்று சொல்ல வரவில்லை. ஜெபித்தார்கள். ஆனால் சபையைத் தொட்டது அந்த ஜெபம் இன்னொரு மனிதன் வீட்டு வாசலுக்குப் போன நேரத்தில்.

பிப்ரவரி 12

"கொரியா, வேல்ஸ் எல்லாம் நூறு வருடக் கதை அக்கா, நம் ஊரில் பார்த்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். சரி.

நான் சேர்ந்த சபை (பெயர் வேண்டாம், ஊர் சின்னது) ஒரு காலத்தில் தோட்டத்து ஜனங்களால் நிறைந்திருந்தது. அதில் ஒரு அண்ணன் கூட்டு நடத்தினார், தமிழ்நாட்டில் சீட்டு என்பார்களே அதுதான். சபையில் பாதிக் குடும்பம் அதில் இருந்தது, நானும் இருந்தேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கூலியில் மிச்சம் பிடித்து அம்மா ஆரம்பித்தது, அம்மாவுக்குப் பிறகு நான் கட்டினேன். நாலாவது குலுக்கலோடு கூட்டு நின்றது. பணம் ஆலோங்குக்கு (வட்டி முதலைக்கு) போய்விட்டது என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் குடும்பத்தோடு ரவாங் பக்கம் போய்விட்டார். சபை இரண்டாக உடைந்தது. பாஸ்டர் அவருக்குச் சொந்தம் என்று ஒரு கூட்டம், பாஸ்டருக்கு என்ன தெரியும் என்று ஒரு கூட்டம். திருவிருந்து நாளில் இந்தப் பக்கத்து பெஞ்சும் அந்தப் பக்கத்து பெஞ்சும் தனித்தனியாகத்தான் எழுந்து போகும்.

பல வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். மெலிந்திருந்தார். உள்ளே வரவில்லை, கேட்டுக்கு வெளியிலேயே நின்று ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார். யார் யாருக்கு எவ்வளவு என்று எழுதி வைத்திருந்தார். எங்கள் கணக்கில் ஐம்பது வெள்ளியை (ரிங்கிட்) கொடுத்துவிட்டு, மாதம் இவ்வளவுதான் முடியும் அம்மா, ஆனால் முடிப்பேன் என்றார். அங்கே லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சின்ன ஜெபக் கூட்டத்தில் ஆண்டவர் பேசினாராம். எல்லாரும் சொல்கிறதுதான். எனக்கு நோட்டுப் புத்தகம்தான் பேசியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இல்லை. கோபப்பட எனக்கு ஒரு உரிமை இருந்தது, அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருந்தேன், ஐம்பது வெள்ளியைக் கொடுத்து அந்த மனிதர் அதைப் பிடுங்கிக்கொண்டு போனார். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. யாரையாவது மன்னிக்கச் சொன்னால் சுலபமாகத் தலையாட்டலாம், அந்த ஆள் எதிரில் நின்று கணக்கை நீட்டினால்தான் கஷ்டம் தெரியும்.

அவர் வீடு வீடாகப் போனார். இரண்டு பக்கத்து பெஞ்சுக்கும் போனார். அங்கேதான் ஏதோ நடந்தது. இவர் வந்தாரா, உங்கள் வீட்டுக்கும் வந்தாரா என்று விசாரிக்க ஆரம்பித்ததில், பேசாமல் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். தோட்டம் மூடினபோது வந்த நஷ்ட ஈட்டுப் பணத்துக்காகப் பிரிந்திருந்த அண்ணன் தம்பி இருவர் அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஒன்றாக வந்தார்கள். புதன்கிழமை ஜெபத்துக்கு ஆள் கூடியது. வாலிபர்களில் சிலர், அதுவரை கித்தார் அடிக்க மட்டும் வருகிறவர்கள், தாங்களே வெள்ளிக்கிழமை கூட ஆரம்பித்தார்கள். கூடாரம் கிடையாது. பேனர் கிடையாது. அதற்கு எழுப்புதல் என்று அப்போது யாரும் பேர் வைக்கவில்லை.

பிப்ரவரி 13

யார் அந்த அண்ணன் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்ல மாட்டேன். கணக்கை முடித்துவிட்டார், அதுவரைக்கும் போதும்.

இதை வைத்து ஒன்று சொல்லிவிடுகிறேன். கொரியா கதையைப் படித்துவிட்டு மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டப் போகாதீர்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில், 1930-களில் ருவாண்டாவின் கஹினியிலிருந்து உகாண்டா, கென்யா என்று பரவின எழுப்புதலில் வெளிப்படையான பாவ அறிக்கை ஒரு பழக்கமாகவே இருந்தது, நிறையப் பேரை அது விடுதலையாக்கியது என்பதும் உண்மை. ஆனால் சுங்கை சிப்புட்டில் ராத்திரி ஒன்பது மணிக்கு நீ சபையில் சொன்னது காலை ஆறு மணிக்கு ஒட்டுக்கடையில் தே தாரேக்கோடு பரிமாறப்படும். அதிலும் இன்னொருத்தர் மானம் சேர்ந்திருந்தால் உன் அறிக்கை அவருக்குத் தண்டனை. எங்கள் சபையிலேயே அப்படி ஒரு குடும்பம் வேறு சபைக்குப் போய்விட்டது, திரும்பி வரவில்லை. தப்பு யாருக்குச் செய்தோமோ அவரிடம் போக வேண்டும். பீடத்தண்டை காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் உன் சகோதரனோடே ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் இருப்பதும் அதுதான். மைக்கைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 15

இரண்டு நாளாக ஒன்று குத்திக்கொண்டே இருக்கிறது. நான் எழுதுவதைப் பார்த்தால் எல்லாம் தனி ஆளைத் திருத்தினால் போதும் என்கிற மாதிரி ஆகிவிடுமோ?

ஏனென்றால் "முதலில் உன்னைத் திருத்து" என்பதைத் தடியாக வைத்து அடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டட நிதிக் கணக்கைக் கேட்டால், "முதலில் உன் ஜெப ஜீவியத்தைப் பார் சகோதரி". ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு மூப்பர் கை நீட்டுகிறார் என்று சொன்னால், "கண்ணில் இருக்கிற உத்திரத்தை எடு". பெண்களுக்கு இது இரண்டு பங்கு கிடைக்கும். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனைப் பற்றி அழுதுகொண்டு வருகிறவளிடம் நீ உபவாசம் இருந்தால் அவர் மாறுவார் என்று சொல்லி அனுப்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதற்கெல்லாம் ஆவிக்குரிய புதுப்பிப்பு என்று பேர் வைத்தால் ஆண்டவருக்கே அடுக்காது.

தாவீது பாவம் செய்தபோது நாத்தான், நான் முதலில் என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன் என்று வீட்டில் உட்காரவில்லை. அரண்மனைக்குப் போய், நீயே அந்த மனுஷன் என்றான். "சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்" என்ற 51-ஆம் சங்கீதம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஆக, புதுப்பிக்கப்பட்ட ஆள் கேள்வி கேட்பதை நிறுத்தமாட்டான். கேட்கிற விதம் வேண்டுமானால் மாறும்.

பிப்ரவரி 16

"பாஸ்டர்களைக் குறை சொல்கிறீர்கள்" என்று ஒரு அங்கிள் எழுதியிருக்கிறார். இல்லை அங்கிள். எங்கள் இப்போதைய பாஸ்டர் காணிக்கைக் கணக்கை மாதாமாதம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார். அந்தத் தாளைப் பார்த்த பிறகு தசமபாகம் கொடுக்க ஆரம்பித்தவர்கள் உண்டு. பிரசங்கம் சுமார்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 20

தம்பி "அதே இருபது பேர்" என்று எழுதினதற்குத் திரும்பி வருகிறேன், அதில் ஒரு குழப்பம் இருக்கிறது.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் 1948 ஜூன் மாதத்தால்தான் தெரியும். பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டு, அதோடு அவசரகாலம் பிறந்தது. எங்களுக்கோ ஊர் என்றால் ரப்பர். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக் களம், வரிசை வீடுகளான லயம், கோயில், ஒரு ஓரத்தில் சின்ன ஆலயம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் கைமாறின, சில இடம் வீடமைப்பு ஆனது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம், வேண்டிய ஆளும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தார்கள். நம் பிள்ளைகள் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் என்று போனார்கள். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது ஆலயம் மூடினது, வயதானவர்கள் சிலர் அதோடு வருவதை விட்டார்கள், சிலர் காலமானார்கள்.

ஆகவே பெஞ்ச் காலியாக இருந்தால் சபை செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஊர் காலியாகியிருக்கிறது. எழுப்புதல் வந்தால் எண்பதுகளில் இருந்த கூட்டம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிற பெரியவர்களுக்கு, சிங்கப்பூரில் வேலை பார்க்கிற உங்கள் மகனை எந்த உபவாச ஜெபமும் தோட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவராது என்று யாராவது மெதுவாகச் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

எண்ணிக்கையை விட்டால் வேறு எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது சில்லறை விஷயங்கள்தான். ஆராதனை முடிந்து யார் யாரோடு நின்று பேசுகிறார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற ஆண்ட்டி வீட்டுக்குச் சொல்லாமலே யார் போகிறார்கள். பசார் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தால் அவர்களுக்கு உட்கார இடம் கொடுக்கிறோமா, வேடிக்கை பார்க்கிறோமா.

பிப்ரவரி 22

மலேசியாவில் எழுப்புதலே வந்ததில்லை என்று ஒருவர் போட்டிருக்கிறார். வந்திருக்கிறது சார், தமிழர் நடுவில் இல்லாததால் நாம் பேசுவதில்லை. சரவாக்கின் உள்மலை, பாரியோ. 1973. ஆரம்பித்தது கெலாபிட் மாணவர்கள், பள்ளிக்கூடத்து ஜெபக் கூட்டத்தில். பிள்ளைகள் அழுது பாவங்களை அறிக்கையிட்டார்கள், அங்கிருந்து நீள்வீடுகளுக்கும் அடுத்த கிராமங்களுக்கும் பரவியது. அங்கே பெரிய சபையான எஸ்.ஐ.பி. சபைகளில் இன்றைக்கும் அந்த வருடத்தைச் சொல்லிச் சாட்சி கொடுப்பார்கள்.

அதற்கு முந்தின தலைமுறையில் லுன் பாவாங் ஜனங்கள். குடியினால் அழிந்தே போவார்கள் என்று, அப்போது சரவாக்கை ஆண்ட புரூக் என்ற வெள்ளைக்கார ராஜா குடும்பத்து ஆட்சி கைவிட்ட ஜனம். 1928-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிஷனரிகள் மூலம் சுவிசேஷம் போய், முப்பதுகளில் கிராமம் கிராமமாகக் குடியை விட்டார்கள். அங்கே தனி ஆள் எங்கே முடிகிறான், ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று பிரிக்க முடியாது. நீள்வீட்டில் ஒரு குடும்பம் அரிசிச் சாராயம் காய்ச்சுவதை நிறுத்தினால் பக்கத்து அறைக்கு உடனே தெரியும். லயத்திலும் அப்படித்தானே, சம்சு குடிக்கிறவன் நிறுத்தினால் முதலில் கண்டுபிடிப்பது பக்கத்து வீட்டுக்காரி. இப்போது தாமானில் கேட் பூட்டி ஏர்கோன் போட்டுத் தூங்குகிறோம், ஒருவர் மாறினாலும் யாருக்கும் தெரிவதில்லை. தம்பி, உன் மாற்றம் சபையைத் தொடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 27

"அப்படியென்றால் எல்லாரும் கடனைத் திருப்பிக் கொடுத்தால் எழுப்புதல் நிச்சயமா?" நல்ல கேள்வி, கிண்டலாகக் கேட்டிருந்தாலும்.

நிச்சயம் இல்லை. அமெரிக்காவில் சார்லஸ் ஃபின்னி 1835-இல், எழுப்புதல் ஒரு அற்புதம் அல்ல, ஆண்டவர் கொடுத்த வழிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் வரும் பலன் என்று வாதாடினார். அவருக்கு நூறு வருடம் முந்தி, நார்த்தாம்ப்டனில் ஜொனத்தன் எட்வர்ட்ஸ், 1734-35-இல் தன் சபையில் நடந்ததைப் பார்த்து, இது எதிர்பாராத தேவ செயல் என்று எழுதினார். நான் இந்த விஷயத்தில் எட்வர்ட்ஸ் பக்கம். நம் கூடாரக் கூட்டமெல்லாம், தெரிந்தோ தெரியாமலோ, ஃபின்னி பக்கம். ஒரு கூடுதல் தகவல்: அதே எட்வர்ட்ஸை 1750-இல் அதே நார்த்தாம்ப்டன் சபை ஓட்டுப் போட்டு வேலையை விட்டு நீக்கியது, திருவிருந்தில் யார் சேரலாம் என்ற தகராறில். எழுப்புதல் கண்ட சபைகூட போதகரைத் துரத்தும். நம் சபைக் கமிட்டிகளுக்கு இது ஆறுதலாக இருக்கும்.

ராஜாக்கள் புத்தகத்தில் யோசியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலயத்தில் நியாயப்பிரமாணப் புத்தகம் கிடைத்தது, வாசிக்கக் கேட்டு வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டான், அவன் மனந்திரும்பியது உண்மையிலும் உண்மை. தேசம் முழுக்க விக்கிரகங்களை உடைத்தான், அப்படி ஒரு பஸ்காவை அதற்கு முன் யாரும் ஆசரிக்கவில்லை. அவன் செத்தவுடன் மகன் யோவாகாஸ் பழைய பொல்லாப்புக்கே போனான். மேலே இருக்கிற ஒருவர் எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கீழே இருக்கிறவர்கள் கட்டளைக்காகத் திருந்தியிருந்தால் ஆள் போனதும் எல்லாம் போய்விடும். இவான் ராபர்ட்ஸும் 1906-க்குள் உடம்பும் மனமும் உடைந்து லெஸ்டரில் ஒரு வீட்டில் ஒதுங்கிவிட்டார், 1951 வரைக்கும் உயிரோடிருந்தார், முன்போலப் பெரிய மேடைக்குத் திரும்பவே இல்லை. ஒரு மனிதன் தோளில் ஒரு தேசத்தையே ஏற்றி வைத்தால் அப்படித்தான் ஆகும். "நீ எழும்பினால் உன் சபை எழும்பும்" என்று ஒரு பையன் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

மார்ச் 2

எதிர்ப்பு வந்துவிட்டது, எதிர்பார்த்ததுதான். ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1949-இல், ஸ்மித் சகோதரிகள், ஒருவருக்கு 84 வயது, கண் தெரியாது, இன்னொருவருக்கு 82, மூட்டுவாதம். வீட்டை விட்டு வெளியே போக முடியாத இரண்டு பாட்டிகள் ஜெபித்தே எழுப்புதல் வந்தது, அங்கே என்ன நோட்டுப் புத்தகம் இருந்தது என்று ஒரு சிஸ்டர் கேட்கிறார்.

பாட்டிகளை நான் குறைக்கவில்லை சிஸ்டர். ஆனால் அங்கே ஊழியம் செய்த டங்கன் கேம்பெல் சொன்ன கதையில் இன்னொரு இடமும் இருக்கிறது. அதே நாட்களில் ஒரு களஞ்சியத்தில் ஆண்கள் சிலர் ராத்திரி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு வாலிபர் 24-ஆம் சங்கீதத்தை வாசித்தார், கைகளில் சுத்தமுள்ளவனும் இருதயத்தில் மாசில்லாதவனுமே கர்த்தருடைய பர்வதத்தில் ஏறுவான் என்று. வாசித்துவிட்டு, நம் கைகள் சுத்தமில்லை என்றால் நாம் இப்படிக் காத்திருந்து ஜெபிப்பதே வெறும் பேச்சு என்றார். பாட்டிகள் வீட்டு ஜெபமும் களஞ்சியத்து வாசிப்பும் ஒரே கதைதான், நாம் வசதிக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். வயதான ஆண்ட்டிகளை ஜெபிக்க விட்டுவிட்டு மற்றவர்கள் கால் மேல் கால் போட்டு உட்காருவதும் நம் ஊர் வழக்கம்தானே.

மார்ச் 4

தமிழ் நாட்டுக் கதை ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது மாதிரி ஆகிவிடும். திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், 1860-இல், கிறிஸ்தியான்பேட்டையில். மிஷனரிச் சங்கத்துச் சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்தவர். வேல்ஸுக்கும் பியோங்யாங்குக்கும் நாற்பது வருடத்துக்கு மேல் முந்தி அங்கே ஜனங்கள் பாவ உணர்வடைந்து கதறினார்கள், உள்ளூர் ஆட்களே ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார்கள். எங்கள் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறின நாட்டிலேயே நடந்தது, ஞாயிறு பள்ளியில் யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. நான் இப்போது என் வகுப்பில் சொல்கிறேன். பிள்ளைகள் கேட்டது, அவரிடம் மோட்டார் இருந்ததா டீச்சர்?

மார்ச் 8

சரி, பரவினது எப்படித் தங்கும்? எங்கள் சபையில் அந்தக் கூட்டு அண்ணனுக்குப் பிறகு வந்த சூடு மூன்று நாலு வருடத்தில் ஆறியது, மறைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கூடின வாலிபர்களில் பெரும்பாலோர் வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். ஆறாமல் இருந்தது ஒரே ஒரு வீட்டுக் கூட்டம், அதுவும் தற்செயல். பழைய கூட்டில் பணம் இழந்த ஆறேழு பெண்கள், ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிப் பழகினதால், பணம் திரும்பின பிறகும் கூடுவதை நிறுத்தவில்லை. பிள்ளை படிப்பு, புருஷன் குடி, சர்க்கரை வியாதி, ஜெபம், எல்லாம் கலந்து.

பின்னால் படித்தபோது சிரித்துவிட்டேன். மெதடிஸ்ட் வகுப்புக் கூட்டங்கள் என்று சரித்திரத்தில் பெருமையாகச் சொல்வார்களே, அதுவும் 1742-இல் பிரிஸ்டலில் கடன் அடைக்கத்தான் ஆரம்பித்தது. ஜெபக் கூடம் கட்டின கடன் இருந்தது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பிரித்தார்கள். வசூலுக்கு வீடு வீடாகப் போனவர்களுக்கு, இந்த வீட்டில் சண்டை, அந்த வீட்டில் குடி என்று தெரிய வந்தது. மெதடிஸ்ட் இயக்கத்தை நடத்தின ஜான் வெஸ்லி உடனே பிடித்துக்கொண்டார், இதுதான் நான் தேடினது என்று. பென்னியை வாங்கப் போனவர்கள் ஆத்துமாவை விசாரிக்கிறவர்கள் ஆனார்கள்.

ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டும் இந்த வரிசைதான். சின்சென்டோர்ஃப் பிரபுவின் பண்ணை நிலத்தில் குடியேறின மொராவிய அகதிகள், உபதேச வேற்றுமையால் ஓயாத சண்டை. 1727-இல் துரையே வீடு வீடாகப் போய்ப் பேசினார், மே மாதம் ஒழுங்குகளை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், ஆகஸ்ட் 13-இல் திருவிருந்தில் உருகிப்போனார்கள். உருகினது ஆகஸ்டில். வீடு வீடாக நடந்தது அதற்கு முந்தின மாதங்களில்.

மார்ச் 15

தம்பியிடமிருந்து செய்தி வந்திருக்கிறது, அவர் அனுமதியோடு சுருக்கிப் போடுகிறேன். சபையில் யாரிடமும் தனக்குப் பகை இல்லை என்று முதலில் நினைத்தாராம். யோசித்ததில், நம்பர் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் லிந்தாங் ரோட்டுப் பக்கத்து மளிகைக்கடையில் வைத்த பாக்கி ஞாபகம் வந்திருக்கிறது, அதற்குப் பிறகு அந்தக் கடை வழியே போவதில்லையாம், சுற்றிப் போவாராம். கடைக்காரர் சீனர், சபைக்குச் சம்பந்தமே இல்லாதவர். இதைக் கட்டினால் எங்கள் சபைக்கு என்ன ஆகும் என்று கேட்கிறார். இன்னொன்றும் கேட்கிறார், பாக்கித் தொகை சரியாக ஞாபகம் இல்லை, முந்நூறா நானூறா, கடைக்காரருக்கும் ஞாபகம் இருக்காது, என்ன செய்வது?

சபைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது தம்பி, அதை எண்ணிக்கொண்டு போகாதே. கடைக்காரர் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர், உனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் அவர் புத்தகத்தில் இருக்கும். இல்லை என்றால் நானூறு கொடு. மத்தியானம் கூட்டம் இருக்காது, மூன்று மணி வாக்கில் போ. அவர் பணத்தை வாங்கிக்கொண்டு ஏன் இப்போது என்று கேட்டால் உண்மையைச் சொல், கேட்காவிட்டால் பிரசங்கம் வேண்டாம். அப்புறம் ஒரு கிலோ வெங்காயமாவது வாங்கிக்கொண்டு வா, ரொக்கத்துக்கு.